கிலோவில் வாங்கி முழத்தில் விற்பவள்

மாசி மாதக் கடைசி ஞாயிறு. சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும் நாள். அன்றிலிருந்து 28 நாள் அம்மன் பச்சைப் பட்டினி இருக்கிறாள். பக்தர்கள் தெய்வத்துக்காக விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு, பக்தர்களுக்காகத் தெய்வம் விரதம் இருப்பது எங்கள் ஊர் வழக்கம். தட்டிலும் கூடையிலும் யானை மேலும் பூ வந்துகொண்டே இருக்கும். அன்று கோயிலுக்குப் போகிற வழியில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் மல்லிகைச் சரம் என்ன விலை என்று கேட்டேன்.

"முழம் நாப்பதும்மா."

"அந்தப் பக்கம் முப்பதுக்குத் தராங்களேக்கா."

அந்தப் பக்கம் நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. பேரத்துக்காகச் சொன்ன பொய். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அங்க யார் கையால அளந்தாங்கம்மா?"

எனக்குப் பதில் இல்லை. கடைசியில் 35 ரூபாய்க்கு முடிந்தது. 2 முழம் வாங்கி 10 ரூபாய் மிச்சம் பிடித்தேன். அன்று மாலை தில்லைநகரில் ஒரு கடையில் மகளுக்குச் செருப்பு எடுத்தேன். பெட்டியில் 799 என்று அச்சிட்டிருந்தது. 799 ரூபாயையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, பைக்குத் தனியாகக் காசு கேட்டபோது அதையும் கொடுத்துவிட்டு வந்தேன். வாயைத் திறக்கவில்லை. இரவு படுத்த பிறகுதான் இரண்டும் ஒரே நாளில் நடந்தவை என்பது உறைத்தது. சாக்கு விரித்தவரிடம் வாய் பேசிய நான், ஏசி போட்ட கடையில் ஊமையாகிப் போனேன். இதையா இத்தனை நாளும் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

பெண்களின் வாங்கும் திறனைப் பற்றி நம்மிடம் இரண்டு வகைப் பேச்சு உண்டு. ஒன்று கேலி. புடவைக் கடையில் 100 புடவையைக் கலைத்துப் போட்டு 101ஆவதை எடுக்கிற மனைவி, வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கணவன். வார இதழ் நகைச்சுவைத் துணுக்கும் பட்டிமன்ற மேடையும் பல தலைமுறையாக இதைச் சொல்லிச் சிரிக்கின்றன. மற்றது புகழ்ச்சி. 'சிக்கனமான இல்லத்தரசி', 'பைசாவுக்குக் கணக்கு வைப்பவள்'. இதே வேலையை ஓர் ஆண் தொழிற்சாலையில் மேசை போட்டு உட்கார்ந்து செய்தால் அதற்குக் கொள்முதல் மேலாண்மை என்று பெயர். அதற்குப் படிப்பும் பட்டமும் சம்பளமும் உண்டு. நாலு பேரிடம் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிட்டால் அங்கே நிபுணத்துவம், காந்தி மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் இங்கே நச்சரிப்பு.

இந்தப் பாரபட்சத்தைச் சுட்டிக்காட்டி, 'பெண்களும் திறமைசாலிகளே' என்று முடித்துவிடலாம். பல மேடைகளில் அப்படித்தான் முடிகிறது. எனக்கு அது போதவில்லை. பெண்களிடம் திறமை குறைவு என்பது எப்போதுமே பொய்தான். திறமை உள்ளவளின் கையில் முடிவெடுக்கும் உரிமை இல்லை என்பதுதான் விஷயம். அந்த உரிமை இல்லாதபோது, அவள் திறமையெல்லாம் தன்னைவிட எளியவள் மேல் போய் இறங்குகிறது. நான் பூக்கார அக்காவிடம் ஜெயித்த 10 ரூபாயின் கதை அதுதான்.

அக்காவின் கணக்கு

அந்த அக்காவிடம் பிறகு பலமுறை பேசினேன். அவர் தொழிலைப் பார்த்தால் வாங்கும் திறன் என்றால் என்னவென்று புத்தகம் இல்லாமலே புரியும்.

விடியுமுன் எழுந்து ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குப் போகிறார். எட்டரை, கோப்பு, போசம்பட்டி என்று திருச்சியைச் சுற்றிய ஊர்களில் இருந்து வரும் பூ அங்கே கமிஷன் கடைகளில் இறங்குகிறது. அங்கே பூவுக்குக் கிலோ கணக்கு, உதிரியாக வாங்க வேண்டும். சமயபுரம் சாக்கில் வந்து உட்காரும்போது அதே பூவுக்கு முழக் கணக்கு. கிலோவுக்கும் முழத்துக்கும் நடுவில் அவருடைய விரல்கள் இருக்கின்றன. தொடுக்கும் நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை, அவரே போட்டுக்கொள்வதில்லை.

வாங்கும் நேரத்தில் அவர் தலையில் ஓடுவது சிறிய கணக்கல்ல. நாளை முகூர்த்தமா, வெறும் நாளா? செவ்வாயா, வெள்ளியா, அமாவாசையா? மழை வருமா? மொட்டு எத்தனை மணிக்கு விரியும்? ஈரத் துணியைச் சுற்றி எடைக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்களா? ஒரு கிலோவில் எத்தனை முழம் தேறும்? விற்காமல் போனால் பூ மறுநாளைக்கு ஆகாது. துணிக்கடைக்காரர் போல ஆடித் தள்ளுபடி வரை காத்திருக்க முடியாது. சாயங்காலத்துக்குள் கணக்கு முடிந்தாக வேண்டிய தொழில்.

பீட்டர் கிரால்ஜிக் என்பவர் 1983இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய ஒரு கட்டுரையை உலகம் முழுக்கக் கொள்முதல் படிப்பில் இன்றும் பாடமாக வைக்கிறார்கள். வாங்கும் பொருளை நான்கு வகையாகப் பிரிக்கச் சொன்னார் அவர். லாபத்தை எவ்வளவு பாதிக்கும் என்பது ஒரு கோடு, கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு என்பது இன்னொரு கோடு. நிறைய பேர் விற்கிற விலை கூடிய பொருளில் பேரம் பேசு, தட்டுப்பாடான பொருளில் பேரத்தை விட்டு உறவைக் காப்பாற்று என்பது அதன் சாரம். இதை வகுப்பில் முதன்முதல் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அரிசியை அறுவடைக் காலத்தில் நாலு இடம் விசாரித்து மூட்டையாக எடுக்கும் என் அம்மா, பால்காரரிடம் ஒருநாளும் விலை பேசியதில்லை. ஏன் என்று கேட்டால் "வெயில் காலத்துல பால் சுண்டிப் போகும்போது அவரு நம்ம வீட்ட விட்டுட்டுப் போயிடக் கூடாதுடி" என்பார். கிரால்ஜிக்கின் கட்டங்களை அம்மா அடுப்படியில் போட்டு வைத்திருந்தார்.

ஆனால் அக்காவின் கணக்கில் ஒரு வரி மட்டும் அவர் கையில் இல்லை. முதல். கையில் காசு இல்லாத நாளில் அவர் தினத் தண்டல்காரரிடம் வாங்குகிறார். 10,000 என்று எழுதி 9,000ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது வழக்கமான ஏற்பாடு. 'ஆயிரம் ரூபாதானே வட்டி' என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருவதால், கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 80ஐ ஒட்டி வரும். சந்தையில் கடன் சொல்லி வாங்கினால் அந்தக் கமிஷன் கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாது, பூ சரியில்லை என்று தள்ளவும் முடியாது. நாலு கடை ஏறி இறங்கும் உரிமையே கையிலிருக்கும் காசோடுதான் வருகிறது. பேரத் திறனை வளர்த்துக்கொள்ளச் சொல்லும் பயிற்சி வகுப்புகள் எதிலும் இந்த வரியை நான் பார்த்ததில்லை.

பாட்டில் இருந்த வியாபாரி

நம் இலக்கியத்தில் வாங்கத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை நமக்கு எப்படிக் கற்பித்தார்கள் என்பதே கேள்வி.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் மோர் கடைந்து, தலையில் சுமந்து விற்று, அதற்கு மாற்றாகக் கிடைக்கும் தானியத்தில் வீட்டார் எல்லாருக்கும் சோறு போடுகிறாள். நெய் விற்றதற்குப் பொன் தருகிறேன் என்றால் வாங்க மறுக்கிறாள். அதற்குப் பதில் எருமையும் பசுவும் கன்றுமாகக் கேட்டு வாங்குகிறாள். இதைப் பள்ளியில் முல்லை நில வாழ்க்கையின் எளிமைக்கு உதாரணமாகச் சொன்னார்கள். எளிமையா? இரண்டு பொருள், இரண்டு கணக்கு. மோரின் வரவு அன்றாடச் செலவுக்கு, நெய்யின் வரவு முதலுக்கு. பொன் பெட்டியில் சும்மா கிடக்கும், எருமை பால் கறக்கும், கன்று போடும். இதை ஒரு தொழிலதிபர் செய்தால் மறுமுதலீடு என்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கண்ணில் பட்டது நமது உரை சொல்பவர்கள் கண்ணில் படவில்லை.

அகநானூற்றில் அம்மூவனார் பாடிய 390ஆம் பாட்டு இன்னும் நெருடலானது. உமணர் குலத்துப் பெண் தெருத் தெருவாக உப்பு விற்றுக்கொண்டு வருகிறாள். நெல்லுக்கு உப்பு சரிக்குச் சரி என்று மாற்று விகிதத்தைத் தெளிவாக அறிவிக்கிறாள். வழியில் ஒருவன் அவளை மறித்து, உன் உப்புக்கு விலை தெரிகிறது, உன் மேனிக்கு விலை தெரியவில்லையே என்கிற பொருளில் பேசுகிறான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, எங்களை வழிமறிக்கும் நீங்கள் யார் என்று கேட்கிறாள். முகத்தில் புன்முறுவல் இருக்கிறது. உரைகாரர்கள் அந்தப் புன்முறுவலைப் பிடித்துக்கொண்டு காதலுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் காதில் நிற்கிறது. விலை சொல்லிக்கொண்டு தெருவில் போகிற பெண்ணிடம் அவள் உடம்பையே விலைப் பேச்சில் சேர்ப்பது அன்றைக்கும் இருந்திருக்கிறது. பூச்சந்தையிலும் காந்தி மார்க்கெட்டிலும் அதிகாலையில் சரக்கெடுக்கப் போகும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அந்தப் பேச்சு மாறவில்லை என்பார்கள். தெருவில் முறுவல் என்பது பல நேரம் தப்பித்துப் போவதற்கான வழி. வாடிக்கையை இழக்காமல், சண்டையும் வளர்க்காமல் நகர வேண்டியவளின் முறுவல்.

சிலப்பதிகாரத்தை ஒரு விற்பனை தோற்ற கதையாகவும் படிக்கலாம். கண்ணகியின் சிலம்பை விற்று முதல் சேர்க்கக் கோவலன் மதுரைக் கடைத்தெருவுக்குப் போகிறான். வணிகர் குடும்பத்துப் பிள்ளை. எதிரே வந்த பொற்கொல்லன் ஒருவனைப் பார்த்ததும் அரண்மனைக்கு வேண்டியவன் என்று நம்பி அவனிடமே காட்டுகிறான். இரண்டாவது கடைக்காரர் இல்லை, ஒப்பீடு இல்லை, சாட்சி இல்லை. அவன் சொன்ன இடத்தில் காத்திருக்கிறான். கண்ணகி மாதரியின் வீட்டில் இருக்கிறாள். அந்தச் சிலம்புக்குள் இருந்தது மாணிக்கப் பரல் என்பது அவளுக்குத் தெரியும். அரசவையில் அவள் அதைச் சொல்லி, சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகுதான் உண்மை வெளியே வருகிறது. பொருள் என்னவென்று அறிந்தவளை வியாபாரம் நடந்த இடத்துக்கு யாரும் அழைத்துப் போகவில்லை. அவளைக் கற்பின் தெய்வமாக்கிக் கும்பிட்டோம். தன் பொருளின் உள்ளே இருந்தது என்னவென்று அறிந்திருந்த உடைமைக்காரி என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

சீரும் மனையும்

தைப்பூசத்தன்று சமயபுரத்தாள் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளுவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதரின் சீர் வரும். அண்ணன் தங்கைக்குச் செய்யும் சீர். பட்டும் மாலையும் பழத்தட்டும் வரும்போது கரையில் நிற்கும் பெண்கள் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். நானும் கலங்கியிருக்கிறேன். பிறந்த வீட்டிலிருந்து ஒரு தட்டு வருவது எங்களுக்கெல்லாம் அவ்வளவு பெரிய விஷயம்.

ஆனால் மனிதர் வீட்டுச் சீரை வாங்கி அடுக்குவது யார்? நாத்தனாருக்கு எந்த நிறம் பிடிக்கும், சம்பந்தி வீட்டில் எதைக் குறை சொல்வார்கள், எவர்சில்வரா பித்தளையா, எத்தனை தட்டு வைத்தால் ஒற்றைப்படையில் வரும் என்றெல்லாம் யோசித்துப் பெரிய கடைவீதியில் கால் வலிக்க நடப்பது அண்ணி. கொடுப்பது அண்ணன். மொய் நோட்டில் அவர் பெயர். சீர் வாங்குகிற தங்கைக்கும் ஒரு நட்டம் உண்டு. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு என்றது. இன்றும் பங்கு கேட்கிற தங்கைக்கு வருகிற முதல் பதில், 'அதான் சீர் எல்லாம் செஞ்சாச்சே'. தட்டுகளின் விலையை நிலத்தின் விலையோடு வைத்துப் பார்க்கிற ஒரு பேரம் மட்டும் பெண்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை.

என் அம்மா கத்தரிக்காயின் காம்பைக் கிள்ளிப் பார்ப்பார். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார். கோயில் வாசலில் வேப்பிலைக் கட்டு வாங்கினால்கூட நடுவில் பிரித்து, உள்ளே காய்ந்த இலை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். 90களின் நடுவில் நம்பர் 1 டோல்கேட்டைத் தாண்டி ஒரு மனை வாங்கினோம். அம்மாவின் 11 பவுனை அடகு வைத்துத்தான் பணம் கட்டினார்கள். மனையைப் பார்க்க அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள், தரகர் ஜீப்பில் அழைத்துப் போனார். அம்மாவைப் பத்திரப் பதிவன்று மட்டும் கூட்டிப் போனார்கள், அவர் பெயரில் பதிவதால். கையெழுத்துப் போடுவதற்கு முன் அம்மா ஒன்று கேட்டாராம்: "இந்தத் தெருவு யாருக்குச் சொந்தம்?" கையில் வரைபடம் வைத்திருந்த தரகர் சிரித்துவிட்டு, "உங்களுக்குத்தாம்மா" என்றாராம். அப்பாவும் சிரித்திருக்கிறார்.

அது அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவு. தெருவும் பூங்காவும் வரைபடத்தில் மட்டும் இருந்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது, எங்கள் வீட்டில் அந்த மனையை விற்றே ஆக வேண்டிய நெருக்கடி. விற்க முடியவில்லை. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து, கட்டணம் கட்டி, அலைந்து முடிப்பதற்குள் நெருக்கடி அதன் வேலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. அம்மா குத்திக்காட்டவில்லை. ஒரே ஒரு தடவை, கீரை ஆய்ந்துகொண்டே, "கட்டப் பிரிச்சுப் பாக்க விட்டிருந்தா பாத்திருப்பேன்" என்றார்.

இப்போது 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு இதைக் கொண்டுவந்திருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான், பெயர் இருப்பது இல்லாததைவிட நல்லது. ஆனால் என் அம்மாவின் பெயரும் பத்திரத்தில் இருந்தது. பெயர் கேட்டவர்கள் கேள்வியைக் கேட்கவில்லை.

3 சதவீதம்

வீட்டிலிருந்து தொழிலுக்கு வந்தாலும் இதே கதையின் பெரிய வடிவத்தைப் பார்க்கலாம். திருவெறும்பூரில் 1965இல் வந்த பெல் கொதிகலன் ஆலையும் அதைச் சுற்றித் துவாக்குடி சிட்கோவில் வளர்ந்த பட்டறைகளும் திருச்சியின் பொருளாதாரத்தையே மாற்றின. ஒரு பெரிய ஆலையின் கொள்முதல் பிரிவு யாரிடம் வாங்குவது என்று எடுக்கிற முடிவில் எத்தனை வீட்டின் அடுப்பு எரிகிறது என்பது திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012இல் ஓர் ஆணை வந்தது. 2018 திருத்தத்தில் அந்தப் பங்கு 20இலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம் என்று முதல்முறையாகச் சேர்த்தார்கள். இந்த நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளிக்கு முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் அதிகம் கேட்டிருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால் ஒரு பகுதி ஆர்டரைப் பெறலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பணம் அதிகபட்சம் 45 நாளில் வந்தாக வேண்டும். தொழில் தொடங்க நினைக்கும் மாணவிகள் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சுப் போட்டி மேடைத் தன்னம்பிக்கையைவிட இந்த விதிகள் அதிகம் உதவும்.

அதே நேரத்தில் அந்த எண்ணையும் பார்க்க வேண்டும். வீட்டின் அன்றாடக் கொள்முதலில் ஏறக்குறைய முழுவதையும் சுமக்கிறவர்களுக்கு நாட்டின் கொள்முதலில் இலக்கு 3. அந்த 3ஐயும் யார் நிரப்புகிறார்கள்? நிறுவனத்தின் உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது விதி. விலையைப் போடுவதும், சரக்கை எங்கே எடுப்பது என்று தீர்மானிப்பதும், வங்கிக் காசோலைப் புத்தகத்தை வைத்திருப்பதும் யார் என்று விதி கேட்பதில்லை. கணவரின் பட்டறைக்கு மனைவியின் பெயரில் பதிவு வாங்குவது எங்கள் பக்கத்தில் யாரும் மறைத்துச் செய்கிற காரியம்கூட இல்லை. இதைச் சொல்லும்போது, 'அப்படியானால் சலுகையே வேண்டாம்' என்று சிலர் குதிப்பார்கள். நான் சொல்வது அதுவல்ல. பெயரளவில் உரிமையாளராக இருக்கும் பெண் ஒருநாள் அந்தப் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அவள் கையெழுத்துப் போடுகிற கடனுக்கு அவள்தான் பொறுப்பு என்பதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

யாரிடம் பேரம்

இதுவரை சொன்னதெல்லாம் நமக்கு நடந்தது. இனி நாம் செய்வது.

பெரிய முடிவுகள் கையில் இல்லாதவளுக்கு ஜெயிக்கக் கிடைக்கிற இடம் சிறியது. மனை விலையில், நகைச் சேதாரத்தில், கல்லூரிக் கட்டணத்தில், மருத்துவமனை ரசீதில் அவள் வாய் எடுபடாது. எடுபடுகிற இடம் கீரைக்காரப் பாட்டியின் கூடை. அங்கே அவள் தன் முழுத் திறமையையும் காட்டுகிறாள். 5 ரூபாய் குறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதைச் சொல்லி மெச்சுதல் வாங்குகிறாள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்தையும் இதே திறமையோடுதான் பேசுகிறோம். நம்மைச் சிக்கனமானவள் என்று புகழ்கிற வீடு, அந்தச் சிக்கனத்தை எந்தப் பெண்ணின் வருமானத்திலிருந்து பிடித்தோம் என்று கேட்பதில்லை. பெண்ணிய வாசிப்பு இந்த இடத்தில் நின்று நம் பையையும் திறந்து பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் பேரமே பேசக்கூடாதா? கூடை தூக்குகிறவருக்குப் பிச்சை போடுகிற பாவனை எனக்கு உடன்பாடில்லை. அந்த அக்காவுக்கு அது பிடிக்கவும் பிடிக்காது. நியாயமான விலை என்னவென்று இருவருக்கும் தெரிந்த இடத்தில் பேரம் தானாகவே சுருங்கிவிடும். உழவர் சந்தை அப்படி ஓர் ஏற்பாடு. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது, திருச்சியில் தென்னூரில் இருக்கிறது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். கீரை கொண்டுவந்த பெண்ணும் வாங்க வந்த பெண்ணும் அந்தப் பலகையின் முன்னால் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ பெண் சாமர்த்தியங்கள், ஒழுங்கான ஏற்பாடு இல்லாததால் நாம் கற்றுக்கொள்ள நேர்ந்தவை. தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. எந்த இடத்தில் சாக்கு விரிக்கலாம் என்று பேசுகிற மேசையில் அந்த அக்காவுக்கு ஒரு நாற்காலி இருப்பது, நான் அவரிடம் 5 ரூபாய் குறைத்துக் கேட்காமல் இருப்பதைவிடப் பெரிய காரியம்.

என் மாணவிகளிடம் இப்போதெல்லாம் ஒரு வேலை சொல்கிறேன். ஒரு மாதம் உங்கள் வீட்டில் வாங்கிய எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 4 பத்திகள் போடுங்கள்: வேண்டும் என்று முடிவு செய்தது யார், விசாரித்து அலைந்தது யார், பணம் கொடுத்தது யார், யார் பெயரில் ரசீது. போன முறை ஒரு மாணவி தாளை நீட்டினாள். அலைந்தவர் பத்தியில் மேலிருந்து கீழ் வரை 'அம்மா'. ரசீது பத்தியில் அம்மா ஒரே ஓர் இடத்தில் இருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் நகை அடகு வைத்த ரசீது.

இந்த வருடப் பூச்சொரிதலுக்குப் போனபோது அக்கா அதே இடத்தில் இருந்தார். முழம் 50 என்றார். விலை ஏறிய காரணத்தைக் கேட்டேன். முகூர்த்தம் சேர்ந்து வந்திருக்கிறது, விடிகாலையில் சந்தையிலேயே கிலோ விலை எகிறிவிட்டது என்று கணக்கைச் சொன்னார். தண்டல் முடிந்ததா என்று கேட்டேன். இன்னும் 22 நாள் என்றார். 100 ரூபாயைக் கொடுத்து 2 முழம் கேட்டேன். அவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்தார், பிறகு இன்னொரு முறை. சரத்தை நறுக்கப் போனவர், என் கையைப் பிடித்து இழுத்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தார்.

"ஒன் கை நீளம்மா" என்று சொல்லி, என் கையால் மறுபடி அளந்து நறுக்கிக் கொடுத்தார்.